சாரை என்ன லவ் பேர்ட்ஸா?

"அமெரிக்காவுல ரேட் ஸ்னேக்கை வீட்லயே வளர்க்கிறான். விஷம் கிடையாது, கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது, எலியைத் தின்னும். நம்மூர்ல மட்டும் ஒரு சாரைப்பாம்பை வளர்த்தா ஜெயில்ங்கிறான். என்ன சட்டம் சார் இது?"

கல்லூரி கேன்டீன்களில் இந்தக் கேள்வி கொஞ்ச காலமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்பவர்களின் ஜாதகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் வீட்டில் ஒரு மீன்தொட்டி வந்திருக்கும். அடுத்து ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். அதற்கடுத்து அம்மாவிடம் சண்டை போட்டு ஒரு இகுவானா. இப்போது பாம்பு. பாம்பைப் பார்த்ததும் கம்பைத் தேடுகிற கூட்டத்தில் இவர்கள் இல்லை, அந்த மட்டில் நல்ல பிள்ளைகள். பாம்பை உண்மையாகவே நேசிக்கிறார்கள். சிக்கலே அந்த நேசத்தில்தான் இருக்கிறது.

அவர்கள் வாதத்தை முதலில் நியாயமாகவே எடுத்து வைத்துவிடலாம். சாரை நம் மண்ணின் பாம்பு, வெளிநாட்டுச் சரக்கு கிடையாது. அதற்கு விஷமில்லை. ஊரில் பஞ்சமில்லாமல் கிடைக்கிறது. அதே இனத்துப் பாம்பை வெள்ளைக்காரக் குழந்தைகள் கையில் சுற்றிக்கொண்டு டிவி பார்க்கிறார்கள். அப்படியானால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சாரையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிடிக்காதே வளர்க்காதே என்று மிரட்டுவதில் அர்த்தமென்ன? சட்டத்தைத் தளர்த்தி, லைசென்ஸ் கொடுத்து, வளர்க்க விட்டால் மக்களுக்குப் பாம்புப் பயமும் போகும், பாம்பும் பிழைக்கும். இவ்வளவுதான் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கோளாறு பெயரிலேயே ஆரம்பிக்கிறது. "அதே இனத்துப் பாம்பு" என்பது சுத்தப் பொய். ஆங்கிலக்காரன் எலி தின்கிற பெரிய பாம்புக்கெல்லாம் ரேட் ஸ்னேக் என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டான். அமெரிக்கச் சிறுவன் கையில் சுற்றியிருப்பது பெரும்பாலும் கார்ன் ஸ்னேக் எனப்படும் சோளப் பாம்பு. அதற்கு இன்னொரு பெயர் சிவப்பு ரேட் ஸ்னேக். வயல் வரப்பில் ஓடுகிற நம் சாரை வேறு பேரினம், வேறு கண்டம், வேறு பிழைப்பு. கழுதைப்புலியும் புலியும் பெயரில் பாதியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதற்காக இரண்டுக்கும் ஒரே கூண்டு செய்ய முடியுமா?

சோளப் பாம்பின் குணத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். வளர்ப்பவர்கள் சொல்வதில் பொய்யில்லை, அது சாதுதான். சராசரியாக மூன்றரை, நாலரை அடி நீளம். பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் நடமாடும். மரப்பட்டைக்கு அடியிலும் எலி வளைக்குள்ளும் மெதுவாக நுழைந்து தேடும். இரை கிடைத்தால் கவ்வி, உடம்பால் சுற்றி, இறுக்கிக் கொன்று விழுங்கும். விழுங்கியபின் ஒரு பொந்தில் நாள்கணக்கில் சுருண்டு கிடக்கும். வேகமாக ஓட வேண்டிய அவசியம் அதன் பிழைப்பில் குறைவு. இதற்கு மேல் பல தலைமுறைகளாக அதைப் பெட்டியிலேயே பொரிக்க வைத்து, பெட்டியிலேயே வளர்த்து, அடக்கமானதாகவும் அழகானதாகவும் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளை, ஆரஞ்சு, சாம்பல் என்று புடவைக் கடை மாதிரி நிறங்கள் வேறு. உறைய வைத்த எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுத்தால் தின்றுவிட்டு, பதினைந்து இருபது வருடம் இருக்கும். அந்த ஊரில் அந்தப் பாம்பை அப்படி வளர்ப்பவர்களோடு சண்டை போட ஒரு காரணமும் இல்லை. சரியான சூடு, ஈரம், தீனி என்று அவர்களில் பலர் எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் பாதியை நம்மூர்க்காரர்கள் நாய்க்கு எடுத்துக்கொண்டாலே தெருவில் இத்தனை நாய்கள் இருக்காது.

இப்போது சாரைக்கு வருவோம்.

சாரை பகல் பாம்பு. இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதன் கண்ணைப் பார்த்தாலே போதும். தலையின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய, வட்டப் பாவையுள்ள கண். வரப்பில் ஒரு ஆள் நடந்து வந்தால், ஆள் சாரையைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே சாரை ஆளைப் பார்த்துவிடும். தலையைச் சற்றே தூக்கி, அசையாமல், ஒரு கணக்குப் போடும். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் அங்கே பாம்பு இருக்காது. நாற்றுக்குள் ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். வேலியில் ஏறும், வாய்க்காலில் நீந்தும், கிணற்றுச் சுவரில் இறங்கும், ஓட்டுக்கூரை மேல் போய்க் குருவிக் கூட்டைத் துழாவும். எலி, தவளை, தேரை, ஓணான், முட்டை, சில சமயம் இன்னொரு பாம்பு என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். இறுக்கிக் கொல்லும் வித்தை அதற்குக் கிடையாது. துரத்திப் பிடித்து, தாடையில் கவ்வி, உடம்பின் கனத்தால் தரையோடு அழுத்தி, பல நேரம் உயிரோடேயே விழுங்கிவிடும். அதன் தொழில் முழுக்க ஓட்டத்தை நம்பியது.

இரண்டு மீட்டரைத் தாண்டும் அந்த உடம்பு முழுக்க அந்த ஓட்டத்துக்கான தசை. பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலைப்பாம்பு மாதிரி கனமாகத் தொங்காது, இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி விறைத்து உதறும். ஓட வழியில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டால் காட்சியே வேறு. கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி, தொண்டையை உப்ப வைத்து, உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். பாம்பிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை எதிர்பார்க்காதவர்கள் நடுங்கிப் போவார்கள். அதற்கும் அடங்காமல் கிட்டே போனால் கடிதான், அதுவும் எட்டினால் முகத்துக்கு நேராக. விஷமில்லை, வாஸ்தவம். பொடிப்பொடியான பற்கள் வரிசையாகக் கீறி ரத்தம் வரும், சோப்பு போட்டுக் கழுவி ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொண்டால் முடிந்தது. வாலைப் பிடித்துத் தூக்கினால் ஆசனவாய்ச் சுரப்பியிலிருந்து ஒரு நாற்றத்தைப் பூசிவிட்டுப் போகும். அது சட்டையை விட்டுப் போக நாளாகும்.

இந்தக் குணத்தைத்தான் ரசிக்க வேண்டும் என்று சொன்னால் செல்லப்பிராணிக் கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். "அதன் துறுதுறுப்புதான் பிடிக்குது" என்கிறார்கள். துறுதுறுப்பு பிடித்திருக்கிறது, சரி. அந்தத் துறுதுறுப்பை நாலடிக்கு இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்?

மூக்கு போகும். கவித்துவமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே மூக்கு போகும். பரபரப்பாக ஓடித் திரியும் பாம்பினங்களைச் சின்ன இடத்தில் அடைத்தால் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குப் புரிவதில்லை. வெளிச்சம் தெரிகிறது, வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும். முட்டும். நாள் முழுக்க முட்டும். கண்ணாடி ஓரத்திலும் மேல் வலையிலும் தேய்த்துத் தேய்த்து மூக்கு நுனிச் செதில் கிழிந்து, புண்ணாகி, சீழ் வைத்து, வாய் வரைக்கும் பரவும். வெளியிலிருந்து பிடித்து வந்ததாக இருந்தால் இதோடு வயிற்றில் புழு, உடம்பில் உண்ணி, தீனியைத் தொடாமல் வாரக்கணக்கில் பட்டினி. வளர்ப்பவர் பயந்துபோய் வாயைத் திறந்து திணிப்பார். அதுவும் நேசம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில சாரைகள் அடங்கிப் போவதுண்டு, குஞ்சிலிருந்தே வளர்த்தவை கையில் எடுத்தால் சும்மா இருப்பதுண்டு. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நியாயமில்லை. ஆனால் அடங்கிவிட்டது என்று காட்டித்தான் வீடியோ எடுக்கிறார்கள். அடங்கிய சாரையில் அவர்கள் ரசித்ததாகச் சொன்ன அந்தக் குணம் எங்கே இருக்கிறது? ஓட்டம் இல்லை, பார்வையில் அந்தக் கணக்கு இல்லை, உறுமல் இல்லை. மிச்சம் இருப்பது ஏழடி நீளத்தில் பழுப்பு நிறமாக ஒன்று. அது வேண்டுமென்றால் தண்ணீர்க் குழாய் வாங்கிக்கொள்ளலாம், தீனிச் செலவு மிச்சம் :-)

அடுத்த வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. "காட்டிலிருந்து பிடிக்க வேண்டாம். பண்ணை வைத்துப் பொரிக்க வைத்து விற்கலாமே? அமெரிக்காவிலும் அப்படித்தானே ஆரம்பித்திருப்பார்கள்?" என்பது.

இங்கே காமர்ஸ் படிக்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பண்ணைக்காரன் ஒரு ஜோடியை வாங்கி, இடம் கொடுத்து, எலி வளர்த்துப் போட்டு, அது முட்டையிடக் காத்திருந்து, சுமார் 2 மாதம் முட்டையைச் சரியான சூட்டில் வைத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுக்குத் தீனி பழக்கி விற்க வேண்டும். கரண்ட் பில்லே கண்ணைக் கட்டும். வயலில் பிடிப்பவனுக்கு முதலீடு ஒரு சாக்குப் பை. இரண்டு பேரும் ஒரே சந்தையில் நின்றால் யார் விலை குறைவு? வாங்குகிறவனால் பண்ணைக் குஞ்சையும் வயல் குஞ்சையும் பிரித்துப் பார்க்க முடியாது. வனத்துறைக்காரராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லைசென்ஸ் என்று ஒரு காகிதம் வந்த அடுத்த நிமிடம், வயலில் பிடித்ததெல்லாம் பண்ணையில் பிறந்ததாக மாறிவிடும். கள்ளப் பணத்தை வெளுக்கிற அதே சலவைதான்.

இது வெறும் கற்பனை என்று யாராவது சொன்னால் நட்சத்திர ஆமையைப் பார்க்கச் சொல்லலாம். வெளிநாடுகளில் அதைக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள், செய்ய முடிகிறது. அதனால் கடத்தல் நின்றதா? சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபட்டதுதான் மிச்சம். கடைசியில் 2019இல் சைட்டிஸ் உடன்படிக்கையில் அதை முதல் பட்டியலுக்கே ஏற்றி, சர்வதேச வணிகத்தை அடியோடு நிறுத்த வேண்டி வந்தது. பச்சைக்கிளி இன்னும் பக்கத்து உதாரணம். கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதே பாதி ஊருக்குத் தெரியாது. இறக்கை வெட்டிய கிளி திண்ணையில் தொங்கும், ஜோசியக்காரர் கூண்டிலிருந்து சீட்டெடுக்கும். "எங்க வீட்டுக் கிளி ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்று வீட்டுக்காரம்மா சொல்வார். கிளியைக் கேட்டது யார்?

சாரைக்கே ஒரு பழைய சந்தைக் கதை இருக்கிறது, அதை இந்தத் தலைமுறை மறந்துவிட்டது. ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்கு மெட்ராஸ் பெரிய மையம். பெல்ட், மணிபர்ஸ், கைப்பை, செருப்பு. சாரை நீளம், அகலம், தோலும் பெரிது, ஆகவே நல்ல கிராக்கி. பிடித்துக் கொடுத்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். அவர்களுக்குக் கிடைத்தது சொற்பம், காசு பார்த்தவர்கள் வேறு. 1972இல் சட்டம் வந்து, அதன்பின் ஏற்றுமதியும் தடையான பிறகுதான் அந்தக் கடை மூடியது. பிழைப்பு போன இருளர்களுக்காக ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிடித்த பாம்பை இருளர்கள் வைத்துக்கொள்வதில்லை. சில வாரம் பானையில் வைத்து, சில தடவை விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த நாட்டில் பாம்பின் குணம் இவ்வளவு தெரிந்த இன்னொரு கூட்டம் இல்லை. பாம்போடு வாழ்ந்த அவர்களே அதைச் செல்லமாக வளர்க்க ஆசைப்படவில்லை. இரண்டு வீடியோ பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருகிறது!

அந்த இருளர்களில் இரண்டு பேர், வடிவேல் கோபால், மாசி சடையன், 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். எதற்கு? பாம்பு பிடிக்க. எந்தப் பாம்பு? பர்மிய மலைப்பாம்பு. அது எப்படி ஃப்ளோரிடா சதுப்புக்காட்டுக்குப் போனது? செல்லப்பிராணியாக! குட்டியாக இருக்கும்போது ஆசையாக வாங்கி, பதினைந்து அடி ஆனதும் வைத்துக்கொள்ள முடியாமல் விட்டவை, தப்பித்தவை, அவற்றின் வாரிசுகள். முயல், ரக்கூன், பறவை என்று அந்தக் காட்டையே காலி செய்துகொண்டிருந்தன. நாய், பரிசுப் போட்டி என்று என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் செங்கல்பட்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். போன இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள், அதில் ஒன்று 16 அடிப் பெட்டை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. "அமெரிக்காக்காரன் வளர்க்கிறான்" என்று பேசுகிறவர்கள், அமெரிக்காக்காரன் வளர்த்ததைப் பிடிக்க இங்கிருந்து ஆள் போன கதையையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும். (சாரை நம் மண்ணின் பாம்பு, தப்பித்தால் வயலுக்குத்தானே போகும் என்று கேட்கலாம். கூண்டில் பிடித்த நோயோடு போகும் என்பது பதில்.)

இத்தனையும் சாரை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. அடுத்த கட்சிக்காரர்கள் கை தட்டிக்கொண்டிருந்தால் நிறுத்திக்கொள்ளலாம், இனி அவர்கள் முறை.

சாரையைக் கொல்கிறவர்கள் வளர்க்கிறவர்களைவிட லட்சம் மடங்கு அதிகம். காரணம் கேட்டால் "நல்லபாம்புன்னு நெனச்சேன்" என்பார்கள். பாம்புக்கடி விளையாட்டுச் சமாச்சாரம் இல்லைதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருடத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கலாம் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதில் சாரையின் பங்கு பூஜ்யம். வித்தியாசம் கண்டுபிடிப்பதும் ஐ.ஏ.எஸ். பரீட்சை கிடையாது. நல்லபாம்பு மிரண்டால் கழுத்தை அகலமாக விரித்துப் படமெடுக்கும். சாரை பக்கவாட்டில் ஒடுக்கும், படம் கிடையாது. சாரைக்குக் கண் பெரிசு, உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடு கோடாக இருக்கும். இதெல்லாம் பார்க்க நேரமில்லை என்றால் சும்மா இரண்டடி பின்னால் போனாலே போதும். போவதற்கு அதுவும் தயாராகத்தான் இருக்கும்.

பயத்தோடு நின்றால் பரவாயில்லை, கதை வேறு கட்டுவார்கள். சாரை மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு மடியில் பால் குடிக்கிறதாம். பாம்பின் வாயில் உறிஞ்சும் அமைப்பே கிடையாது. அந்தப் பற்களை வைத்துக்கொண்டு மடியைக் கவ்வினால் மாடு உதைக்கிற உதையில் பாம்பு பக்கத்து ஊரில் போய் விழும். வாலால் அடித்தால் பட்ட இடம் அழுகிவிடும் என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் மகுடம், சாரையும் நல்லபாம்பும் பிணையும் என்பது. சாரை எல்லாம் ஆண், நாகம் எல்லாம் பெண் என்று சத்தியம் செய்கிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படியானால் ஆண் நாகம் எங்கே போனது, பெண் சாரை எங்கே போனது என்று எந்தப் பேரனும் கேட்டதில்லை. பின்னிப்பிணைந்து ஆளுயரத்துக்கு எழும்பி ஆடுகிற அந்தக் காட்சியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். நடப்பது கல்யாணமில்லை, மல்யுத்தம். ஒன்றின் தலையை மற்றது கீழே அழுத்தப் பார்க்கும், கடித்துக்கொள்வது அபூர்வம், தோற்றது கிளம்பிப் போய்விடும். நம்மாட்கள் அதன் மேல் வேட்டியைப் போட்டு எடுத்துப்போய்ப் பூஜையறையில் வைக்கிறார்கள், செல்வம் கொழிக்குமாம். அரசமரத்தடி நாகக்கல்லில் பால் ஊற்றிவிட்டு, வீட்டுக்கு வருகிற வழியில் நிஜப் பாம்பைக் கல்லால் அடிக்கிற ஊரில் இதற்கு மேல் என்ன சொல்ல?

மூன்றாவது கோஷ்டி ஒன்று சமீபத்தில் முளைத்திருக்கிறது. பாம்பு மீட்பர்கள். எல்லோரையும் சொல்லவில்லை. ஒழுங்காக வந்து, ஒழுங்காகப் பிடித்து, பக்கத்திலேயே தோதான இடத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கும்பிடத்தக்கவர்கள். மற்றவர்கள் சாரையின் வாலைப் பிடித்துச் சுழற்றி, தலைக்கு முத்தம் கொடுத்து, பின்னணியில் சினிமாப் பாட்டுப் போட்டு ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கிற பதினாறு வயதுப் பையன் மறுநாள் கட்டுவிரியனைச் சாரைக்குட்டி என்று நினைத்துக் கையில் எடுப்பான்.

திரும்ப முதல் கட்சிக்கே வரலாம், அவர்களிடம் ஒரு வலுவான வாதம் மிச்சமிருக்கிறது. "கையில் எடுத்துப் பழகினால்தானே பயம் போகும்? பயம் போனால்தானே அடிப்பதை நிறுத்துவார்கள்?" என்பது. மற்ற வாதங்களை ஊதித் தள்ளுகிற மாதிரி இதைத் தள்ள முடியாது. தொட்டுப் பார்த்தவனுக்குப் பயம் குறைவது உண்மை. ஆனால் அதற்கு வீட்டுக்கு ஒரு சாரை எதற்கு? கிண்டி பாம்புப் பண்ணையில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு கூண்டில் இருக்கிற சில பாம்புகள் லட்சக்கணக்கான கண்களுக்குப் பாடம் எடுக்கின்றன. பெட்ரூம் தொட்டியில் இருக்கிற சாரை யாருக்குப் பாடம் எடுக்கும்? வீட்டுக்கு வருகிற நான்கு நண்பர்களுக்கு. அவர்கள் கற்றுக்கொள்வது "பாம்பை வாங்கலாம்" என்கிற ஒரே பாடம்.

பார்க்க ஆசை இருப்பவர்களுக்குக் காசில்லாத வழி இருக்கிறது. ஊர்ப்பக்கம் போனால் மழை விட்ட மறுநாள் காலை வெயிலில் வைக்கோல் போர் ஓரம், கிணற்று மேடு, வேலிக்கருவைப் புதர் அருகே சும்மா உட்கார்ந்தால் போதும். அசையாமல் உட்கார வேண்டும், அதுதான் கஷ்டம், போன் பார்க்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். வளை வளையாக நாக்கை நீட்டிக்கொண்டு சாரை போவதைப் பத்தடி தள்ளியிருந்து பார்ப்பதற்கும், தொட்டிக்குள் பார்ப்பதற்கும், புலிக்கும் புலிப் படத்துக்கும் உள்ள வித்தியாசம். மக்கள் கூட்டமாக வந்தால் "சாரை சாரையாக வந்தார்கள்" என்று எழுதுகிற மொழியில், அந்தப் பெயருள்ள பாம்பு ஒன்று நகர்வதைப் பார்க்காமலேயே பாதிப்பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வளர்க்கத்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், ஒரு வகையில் விவசாயி ஏற்கெனவே வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறான். டெல்டாவில் எலி பிடிக்க தஞ்சாவூர்க் கிட்டி வைக்கிறார்கள். மூங்கிலை வளைத்துச் செய்கிற பொறி, சாயங்காலம் வைத்துக் காலையில் எடுக்க வேண்டும், பிடிபட்ட எலிக்கு இவ்வளவு என்று கூலி. எலி வளைக்குள் தோண்டினால் படிக்கணக்கில் நெல் இருக்கும். அந்த வளைக்குள் கிட்டி போகாது, ஆந்தை போகாது, பூனை போகாது. சாரை போகும். குட்டி போட்ட எலியையும் குட்டிகளையும் சேர்த்து முடித்துவிட்டு மறுவழியில் வரும். சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, தீபாவளி போனஸ் இல்லை. அதற்குப் பதிலாக வைக்கிற துத்தநாக பாஸ்பைடு கடையில் காசுக்குத்தான் கிடைக்கும், கோழியும் நாயும் தின்று சாகும், குழந்தை கைக்கும் எட்டும். இப்படி ஒரு வேலையாளைப் பிடித்து ஹாலில் உட்கார வைத்து, கடையில் வாங்கிய வெள்ளெலியை அதற்கு ஊட்டுவதற்குப் பெயர் நேசம் என்றால், அந்தக் கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

அதற்காக யாரும் பண்ணை வீடு கட்ட வேண்டாம். கொல்லைப்புறத்தில் ஒரு மூலையை வெட்டிச் சிமென்ட் போடாமல் விட்டால் போதும். வேலியோரம் நாலு புதர், ஒரு கல் குவியல். கிணற்றுக்கு வலை போடும்போது, தவறி விழுந்தது ஏறி வர ஒரு மரக்கிளையைச் சாய்த்து வைக்கலாம். மீன் வலை, தோட்டத்து நைலான் வலை எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். அதில் சிக்கி, அறுபட்டு, வெயிலில் காய்ந்து சாகிற சாரைகள் கொஞ்சமில்லை.

வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால்? எந்தப் பாம்பு என்று நிச்சயமாகத் தெரியாதவரை கிட்டே போக வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தால் ஆள் வருவார்கள். சாரைதான் என்று நன்றாகத் தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். நாயைக் கட்டிப் போட்டு, குழந்தைகளை மாடிக்கு அனுப்பி, உள் அறைக் கதவுகளைச் சாத்தி, கொல்லைக் கதவை மட்டும் அகலத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும். சத்தம் போடக் கூடாது, விளக்குமாறு கூடாது. பத்து நிமிடம் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். தலையை லேசாகத் தூக்கி ஒரு தடவை சுற்றிப் பார்க்கும். அப்புறம் கதவு வழியாக வெளிச்சத்தைப் பார்த்துப் போய்விடும்.